வாகனங்களுக்குப் பாதுகாப்பு உண்டு

வட்டவளையில் மழை பெய்கிறது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பெய்யவில்லை என்றால்தான் அங்கே அது செய்தி. அந்த மழையில் நனைந்து நனைந்து பாதி எழுத்து உதிர்ந்துபோன பலகை ஒன்று லாபிரின் ஹோட்டல் வாசலில், ஹற்றன் வீதியைப் பார்த்தபடி நிற்கிறது. மூன்று மொழியிலும் ஒரே விஷயம்தான். சாப்பாடு உண்டு, அறைகள் உண்டு, வாகனங்களுக்கு இரவு பகலாகப் பாதுகாப்பு உண்டு. முதல் இரண்டும் உண்மை.

மூன்றாவதும் ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தது. ஹோட்டலுக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவின் விளிம்பில், வாகனம் நிறுத்தக் கல் பரவிய ஓர் இடம். அதற்கொரு கேட் இருந்தது. வீதியை அகலமாக்க வந்தவர்கள் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டுக்குப் பதிலாக லாபிர் தடித்த சங்கிலி ஒன்று வாங்கிக் குறுக்கே மாட்டினார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த குர்பான் மாட்டைக் கட்ட வேறு சங்கிலி கிடைக்காமல் அது பள்ளிவாசலுக்குப் போனது. மாட்டின் கதை பெருநாளோடு முடிந்தது. சங்கிலி மட்டும் இன்னும் திரும்பவில்லை. சுவரில் ஒரு கமரா இருக்கிறது, அதற்கு வயர் கிடையாது. கள்ளனுக்கு அது தெரியவா போகிறது என்பது லாபிரின் கணக்கு.

மிச்சமிருந்தது அழகன்தான். தோட்டத்தில் வேலை முடித்து ஓய்வு பெற்ற மனிதர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். தூங்கமாட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"மொதலாளி, லயத்து வீட்டுக் கூரையில ரெண்டு தகரத்தைக் காத்து தூக்கிருச்சுங்க. புள்ளைக நனையுதுக. இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும்…"

லாபிர் ஈவிரக்கம் உள்ள மனிதர். போகச் சொன்னதோடு நில்லாமல், பின்பக்கம் கிடந்த பழைய தகரம் ஒன்றையும் எடுத்துப்போகச் சொன்னார். இந்த மழையில் வாகனம் எது வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அழகன் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது.

ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் இறங்கினார்கள். அவள் பெயர் பிரேமினி, முப்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டி வந்தவன் தர்ஷன். பொகவந்தலாவையிலிருந்து சிலாபம் போகிறார்கள். கினிகத்தேனைக்கு அந்தப் பக்கம் மண்மேடு சரிந்து பாதை அடைபட்டுப்போனதால் பொலிஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வருகிற வழியில் பலகையைப் பார்த்திருக்கிறார்கள்.

"வானை இங்க விடலாமுங்களா மொதலாளி? பயமில்லையே?" என்று பிரேமினி கேட்டாள்.

"என்ன பயம் மகள்? காவலுக்கு நம்ம ஆள் ஒருத்தர் ராவெல்லாம் இரிக்கிறார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பல வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அழகன் இல்லை என்பது வார்த்தை வெளியே போன பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தினால் இந்த இருவரும் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். மழையில் இவர்களை அலையவிடுவானேன் என்று தன் மனசுக்கு ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார்.

"உள்ளுக்கு ஏதும் சாமான் இரிந்தா மேல எடுத்துட்டு வாங்க. அறையில வெக்கலாம்" என்றார், அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறவர் போல.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒன்னுமில்லைங்க. பழைய துணிமணிதான்" என்றாள் பிரேமினி.

சொல்லிவிட்டு அவள் மறுபடி வானுக்குப் போனாள். பக்கக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆசனத்தில் இருந்த எதையோ கையால் தொட்டாள். தூங்குகிற பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு வருகிறவள் போல இருந்தது. கதவை மூடிப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவள் மறுபடியும் கேட்டாள்.

"காவலுக்கு ஆள் இருக்காங்கதானே?"

"இரிக்கிறாங்க மகள். நிம்மதியாப் போய்ப் படுங்க."

சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து குடையோடு திரும்பிய லாபிர் விடியல் வெளிச்சத்தில் முதலில் கண்டது வானின் திறந்த கதவைத்தான். பக்கக் கண்ணாடி இல்லை. கண்ணாடித் தூள் சீனியைக் கொட்டியது போலக் கல்லின் மேல் பரவிக் கிடந்தது.

முதலில் அவருக்கு வந்தது எரிச்சல். கள்ளன் மேல் எரிச்சல், அழகன் மேல் எரிச்சல், அழகனின் கூரை மேல் எரிச்சல். தன் மேல் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாடிக்கு ஆள் அனுப்பி எழுப்பினார். தர்ஷன் முதலில் ஓடி வந்தான். ரேடியோவைக் காணோம், ஜாக்கைக் காணோம். "போனாப் போவுது" என்று முனகிக்கொண்டே ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மாடியைப் பார்த்து, "அக்கா" என்று கூப்பிட்டான். உரக்கக்கூட இல்லை.

பிரேமினி வெறுங்காலோடு வந்தாள். ஆசனத்தைப் பார்த்தாள், அடியில் குனிந்து பார்த்தாள், பின்னால் பார்த்தாள், மறுபடி ஆசனத்தைப் பார்த்தாள். அப்புறம் ஈரக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன போனது மகள்? செல்லுங்க. நான் பொறுப்பு. எதுவா இரிந்தாலும் நான் வாங்கித் தாரேன்" என்றார் லாபிர்.

தர்ஷன்தான் பதில் சொன்னான். "வாங்கித் தர முடியாதுங்க. சீட்டுல இருந்த பையில எங்க அம்மாவோட அஸ்தி இருந்துச்சு."

லாபிரின் வாயில் முதலில் வந்தது தப்பான வார்த்தை.

"நான் கேட்டேனே தம்பி. சாமான் இரிந்தா மேல எடுத்துட்டு வரச் சென்னேனே."

"ஆளுக சமைச்சுச் சாப்பிட்டுத் தூங்குற எடத்துக்குள்ள அதைக் கொண்டு வரக் கூடாதுங்க. எங்க லயத்துலயே வீட்டுக்குள்ள எடுக்கலை. கொய்யா மரத்துலதான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்." தர்ஷன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "வண்டியில அஸ்தி இருக்குன்னு நேத்தே சொல்லியிருந்தா நீங்க ரூம் குடுத்திருப்பீங்களா?"

ஏன் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல லாபிர் வாயைத் திறந்தார். கொடுத்திருப்பாரா மாட்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

பிரேமினி தலை நிமிராமல் கேட்டாள். "காவல்காரர் எங்க மொதலாளி?"

"நேத்து ராவு அவர் இரிக்கல்ல மகள்."

"ரெண்டு தரம் கேட்டேனே" என்றாள் அவள். திட்டியிருந்தால் லாபிர் தாங்கியிருப்பார்.

விவரமெல்லாம் அசீசா கேட்டுத்தான் தெரிந்தது. அசீசா லாபிரின் மனைவி. சமையலறையை ஆள்கிறவள், ஹோட்டலையும் அவள்தான் ஆள்கிறாள் என்பது ஊரறிந்த விஷயம். பிரேமினியைத் தூக்கி வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் தேத்தண்ணியைக் கொடுத்து, பக்கத்தில் இருந்துகொண்டாள். பிரேமினி குடிக்கவில்லை. ஆனால் பேசினாள்.

அம்மாவின் பெயர் ராசம்மா. ஆயுள் முழுக்கப் பொகவந்தலாவையில் கொழுந்து எடுத்தவள். புருஷன் செத்தபோது தோட்டத்து மேட்டில் புதைத்தார்கள். சில வருடம் கழித்துத் தோட்ட நிர்வாகம் அந்த மேட்டையும் சேர்த்துக் கொத்திப் புதுத் தேயிலை நட்டது. எந்தத் தூருக்குக் கீழே தன் புருஷன் கிடக்கிறார் என்று தெரியாமல், அந்த மலையில் வேலை விழுந்த நாளெல்லாம் ராசம்மா கொழுந்து எடுத்திருக்கிறாள். அப்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாளாம்.

"என்னைப் பொதைக்காதீக, எரிச்சிருங்க. தேயிலைத் தூருக்குள்ள மட்டும் என்னைப் போட்டுறாதீகன்னு சொன்னுச்சு. கடல்ல கரைக்கச் சொன்னுச்சு. அது கடலைப் பாத்ததே இல்லைங்க" என்றாள் பிரேமினி.

அஸ்திப் பானையை எதில் எடுத்துப்போவது என்று பார்த்தபோது, வீட்டில் இருந்ததிலேயே நல்ல பை பிரேமினி குவைத்திலிருந்து கொண்டுவந்த பைதான். விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டுக்கூட அதன் கைப்பிடியில் இன்னும் இருந்தது. அம்மாவை நல்ல பையில் கொண்டுபோக வேண்டும் என்று அவள் நினைத்தாள். வெளிநாட்டிலிருந்து யாரோ சாமானோடு திரும்பி வருகிறார்கள் என்று கள்ளன் நினைத்தான்.

அசீசா எழுந்து உள்ளே வந்தாள். லாபிர் சமையலறை வாசலில் குற்றவாளியாக நின்றுகொண்டிருந்தார்.

"நம்மளை நம்பி விட்டுட்டுப் போன பொருள். அமானிதம். அது என்ன பொருளா இரிந்தாலும் அமானிதம்தான்" என்றாள். "போய்த் தேடுங்க."

பொலிசுக்குத் தர்ஷன் போன் எடுத்தான். எல்லோரும் மண்சரிவு நடந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள், மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள் என்று பதில் வந்தது. தொலைந்த பொருளின் பெறுமதி என்ன என்றும் கேட்டார்கள். அவன் போனை வைத்தான்.

அழகன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கண்ணாடித் தூளைப் பார்த்தார், அழுது வீங்கிய முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். நீங்கள்தானே போகச் சொன்னீர்கள் என்று அவர் சொல்வார் என லாபிர் எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை. அது லாபிருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அழகனும் தர்ஷனும் வீதியோரமாகத் தேடிக்கொண்டு போனார்கள். லாபிர் தனியாகத் தேயிலைச் சரிவில் இறங்கினார். ரயில் பாதைக்குப் போகும் குறுக்குப் பாதை அது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மலையில் ஒரு ஆள் இல்லை. வழுக்கும் படிகளில் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அல்லாவிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே இறங்கினார். அந்தப் பிள்ளையின் உம்மாவைக் கண்ணில் காட்டு. வேறொன்றும் வேண்டாம்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கீழே, தேயிலைக்குள் சிவப்பாக ஒரு துண்டு தெரிந்தது. பானையைச் சுற்றிவைத்த துண்டு. கொஞ்சம் தள்ளிப் பானை. உடையவில்லை. குப்புறக் கிடந்தது. வாயைக் கட்டியிருந்த மஞ்சள் துணி ஒரு தேயிலை வாதில் மாட்டியிருந்தது. பை இல்லை. மழைக்கு மடுவத்தில் ஒதுங்கிப் பையைத் திறந்து பார்த்த கள்ளன், நகையோ பணமோ புதைத்து வைத்திருக்கிறார்களா என்று பானையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பையை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

கொட்டிய இடம் ஒரு தேயிலைத் தூர்.

இரவு மழை சாம்பலைக் கரைத்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. தூரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கறையும், தண்ணீர் ஓடும் கான் வரை இறங்கும் ஒரு கோடும்தான் மிச்சம். கறைக்குள் வெள்ளையாகச் சில கற்கள். தேயிலைக்குத் தோட்டத்தில் போடுகிற டொலமைட் கல் என்று நினைத்தார். லாபிர் பானையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மழைக்குள் நின்று அழுதார். தேயிலைத் தூருக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று சொன்னவளை, தன்னுடைய ஒரு பொய் கொண்டுவந்து தேயிலைத் தூரிலேயே கொட்டிவிட்டது. இதை எந்த வாயால் அந்தப் பெண்ணிடம் சொல்வது?

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. படி ஏறும்போதே வந்துவிட்டது. ஹோட்டலின் பின்பக்கம் பாண் ரொட்டி சுடுகிற போறணை அடுப்பு இருக்கிறது. ரப்பர் விறகு எரிக்கிற போறணை. அதன் வாயில் எந்நேரமும் சாம்பல் குவிந்து கிடக்கும். மென்மையான, வெள்ளைச் சாம்பல்.

இது பாவமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். பாவம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் ஆறாது. சாம்பல் சாம்பல்தானே. கடலில் கரைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் அல்லா. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே பானையைத் துடைத்தார், சாம்பலை அள்ளி நிரப்பினார், மஞ்சள் துணியைப் பிழிந்து இறுக்கிக் கட்டினார். போறணைக்காரன் கடைகளுக்குப் பாண் போடப் போயிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

அவர் பானையோடு முன்பக்கம் வந்ததும் தர்ஷன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அழகன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "கள்ளன் பையை மட்டும் எடுத்துட்டு இதைப் படியில வெச்சிட்டுப் போயிரிக்கிறான்" என்றார் லாபிர். மூன்றாவது பொய் முதல் இரண்டையும்விட லேசாக வந்தது.

பிரேமினி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பானையை வாங்கி மார்போடு அணைத்தாள். ஓர் அடி எடுத்துவைத்தாள். நின்றாள். பானையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு மறுபக்கம் சாய்த்தாள். காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சத்தம் இல்லையே" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"பொகவந்தலாவையில இருந்து மடியிலயே வச்சிட்டு வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள சத்தம் கேக்கும். லொடக் லொடக்குன்னு. அம்மா பேசிக்கிட்டே வருதுன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

பெஞ்சில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். விரல்களை உள்ளே விட்டாள். துழாவித் துழாவி, கடைசியில் ஒரு கரித்துண்டை வெளியே எடுத்தாள். அது கரித்துண்டு இல்லை. கருகிப்போன பாண் விளிம்பு.

அசீசா அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் லாபிர் நின்ற நிலையை எதிரிக்குக்கூட நினைக்கக் கூடாது.

"எலும்பு எங்க மொதலாளி?" என்று பிரேமினி கேட்டாள்.

"என்ன எலும்பு?"

அவர் நடிக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. லாபிரின் ஜனங்கள் இறந்தவரின் மையத்தை மண்ணில் அடக்குகிறவர்கள். எரிந்தபின் என்ன மிஞ்சும் என்று அவர் பார்த்ததுமில்லை, யாரையும் கேட்டதுமில்லை. அழகன்தான் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"அஸ்தின்னா எலும்புங்க மொதலாளி. பால் தெளிச்சு எலும்பைத்தான் பொறுக்கி எடுப்பாங்க. சாம்பல் சும்மா கூட வர்றதுங்க."

லாபிருக்கு மடுவத்துக்குக் கீழே கிடந்த வெள்ளைக் கற்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவர் நின்ற இடத்திலேயே, வயசுக்கும் முதலாளித்தனத்துக்கும் ஒவ்வாத விதமாக, அந்தப் பெண்ணின் முன்னால் முழங்காலில் இறங்கிவிட்டார்.

"பொய் சென்னேன் மகள். நேத்தும் பொய், இன்னைக்கும் பொய். உம்மாவைத் தேயிலைத் தூர்லதான் கொட்டிரிக்கிறான் அந்தப் பாவி. அதைச் செல்ல எனக்கு வாய் வரல்ல. போறணைச் சாம்பலை அள்ளிப் போட்டுட்டேன். ஆனா எலும்பு அங்கதான் இரிக்கி. நான் கல்லுன்னு நினைச்சேன். வாங்க, காட்டுறேன்."

தர்ஷன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அழகன் அவனைப் பிடித்தார். பிரேமினி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. பானையைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, "எங்க?" என்றாள்.

நால்வரும் இறங்கினார்கள். தூரைக் காட்டிவிட்டு லாபிர் ஒதுங்கி நின்றார். பிரேமினி மண்ணில் உட்கார்ந்து தேயிலை வாதுகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் தர்ஷன். மழை நீர் கழுவிவிட்டிருந்ததால் எலும்புகள் தெளிவாகவே தெரிந்தன. சின்னச் சின்னத் துண்டுகள். சில வேருக்குள் சொருகிக் கிடந்தன, சில சருகுக்கடியில், சில கானை நோக்கி உருண்டு போயிருந்தன. சாம்பலை நம்பி இவர்கள் சிலாபத்துக்குப் போயிருந்தால் இவ்வளவும் இங்கேயே கிடந்திருக்கும் என்று லாபிருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்குத் திங்கட்கிழமை. கூடையோடு ஆட்கள் வந்து மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். பிள்ளைகள் கடற்கரையில் கும்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

"மகள்" என்று கூப்பிட்டார். "நான் தொட்டு எடுக்கலாமா?"

பிரேமினி தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"கான் பக்கம் பாருங்க" என்றாள்.

லாபிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கானுக்குள் இறங்கினார். அழகன் தண்ணீரைக் கையால் மறித்துக்கொள்ள, லாபிர் சேற்றை அள்ளி விரலால் கிண்டிப் பார்த்தார். கல்லுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் கையில் எடுத்ததும் தெரிந்தது. கிடைத்ததைத் தன் சால்வையின் நுனியில் முடிந்துகொண்டார். அந்த நேரத்தில் அவர் வாய் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. தன்னுடைய சனத்துக்கு ஓதுவதையேதான் ஓதினார். வேறு அவருக்குத் தெரியாது.

அசீசா ஒரு செம்பில் பாலோடு வந்து படியில் நின்றாள். காலைத் தேத்தண்ணிக்கென்று தோட்டத்திலிருந்து வந்த பசும்பால். யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. அழகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவள்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்குத் தேத்தண்ணி இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பிரேமினி செம்பை வாங்கினாள். ஒவ்வொரு துண்டாக உள்ளங்கையில் வைத்துப் பாலால் கழுவிப் பானைக்குள் போட்டாள். லாபிர் சால்வை முடிச்சை அவிழ்த்து நீட்டினார். அதையும் கழுவிப் போட்டாள்.

எல்லாம் வந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. தேடித் தேடி இனி இல்லை என்று ஆன பிறகும் பிரேமினி தூரைச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையை எடுத்துக்கொண்டு, தேயிலையைப் பார்த்துச் சொன்னாள்.

"வாம்மா, போவோம்."

அப்போதுதான் தர்ஷன் அழுதான். அதுவரைக்கும் அவன் அழவில்லை.

மேலே வந்தபோது பாதையில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள் என்று பஸ்காரர்கள் செய்தி சொன்னார்கள். உடைந்த கண்ணாடிக்கு அழகன் பொலித்தீன் கட்டினார். நேற்று இரவிலிருந்து இரண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அசீசாவுக்குத் தெரியும். சோறு போட்டுவிட்டேன், சாப்பிடாமல் விடமாட்டேன் என்று வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

பிரேமினி கையிலிருந்த பானையைப் பார்த்தாள். அதை உள்ளே கொண்டு வர முடியாது. பொலித்தீன் கட்டிய வானையும் பார்த்தாள். அப்புறம் லாபிரைப் பார்த்தாள். சேறு அப்பிய சாரத்தோடு அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"நாங்க சாப்பிட்டு வர்ற வரைக்கும் பாத்துக்குறீங்களா மொதலாளி?"

தர்ஷன் அக்காவைத் திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் பானையை லாபிரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

லாபிர் அழகனின் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவில்லை. வானுக்குப் பக்கத்தில், கல்லின் மேல், பானையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அழகன் குடை பிடிக்க வந்தார். குடை பானைக்கு மேல் நிற்கட்டும் என்று சைகை காட்டினார். ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக் கல்லாவில் யாருமில்லையா என்று சத்தம் போட்டார்கள். லாபிர் அசையவில்லை. ஜேபியில் போன் அடித்து ஓய்ந்தது. தெரிந்த லொறிக்காரன் ஒருவன் ஜன்னலால் தலையை நீட்டி, "என்ன முதலாளி, நீங்களே காவலுக்கு நிக்கிறீங்க?" என்று சிரித்தான். கை மரத்துப் போனது. மாற்றிப் பிடிக்கப் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அவர் அப்படி ஒரு பொருளைக் காத்ததில்லை.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் வெளியே வந்தார்கள். பிரேமினி முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து, வெளியே கையை நீட்டினாள். லாபிர் பானையைக் கொடுத்தார். அவள் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அப்படியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிட்டு வர்றோம்" என்றாள்.

தர்ஷன் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வீதிப் பக்கம் திருப்பினான். வான் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பொலித்தீன் படபடத்த சத்தத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் நடுவில், பானைக்குள்ளிருந்து லொடக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிரேமினி குனிந்து பானையைப் பார்த்தாள். லாபிரும் அதைக் கேட்டார்.